வந்த காரணம்

புதன்கிழமை, கேஷ் மூடிய பிறகு,
பிழையான ஒரு செலானின் பின்புறத்தில் எழுதினேன்:
சனி விடியற்காலை எழும்பூர்.
லாட்ஜ், குளியல்.
ஆறிலிருந்து ஏழு, உட்கார்தல்.
ஏழுக்குக் காபி.
காபியை அடித்தேன். மறுபடி எழுதினேன்.
பத்துக்கு மியூசியம்.
பன்னிரண்டுக்குள் சாப்பாடு, அப்புறம்
மறுநாள் விடியும்வரை ஒன்றுமில்லை.
மாலை, கென்னட் சந்து விகாரையில்
ஒரு மணி நேரம், அசையாமல்.
'அசையாமல்' என்பதற்கு மட்டும் அடிக்கோடு.

யூனியன் கூட்டம் என்று தணிகாசலத்திடம் சொல்ல
வாயெடுத்தேன்.
நாலாவது சீலம் குறுக்கே வந்து நின்றது.
'ரெண்டு நாள் தனியா இருக்கப் போறேன்' என்றேன்.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
'கேஸ் புக் பண்ணியாச்சா?' என்றார்.

விருத்தாசலத்தில் ஏறியது முதல் தூக்கமில்லை.

லாட்ஜ் மேசையில் ஜோதிராமலிங்கம்
ரிஜிஸ்டரைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.
தனியாவா?
தனியாத்தான்.
அப்புறம் யாராச்சும் வருவாங்களா?
வரமாட்டாங்க.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
எனக்கு மேலே இருந்தவர்கள்:
கல்யாணம், ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி,
கோர்ட், விசா, ஆஸ்பத்திரி.
பேனா காய்ந்துவிடும்போல நின்றேன்.
'சொந்த வேலை' என்று எழுதினேன்.
சாவியோடு ஒரு கொசு பேட்டும் தந்தார்.
முழு சார்ஜ் ஏறியிருந்தது,
பச்சை விளக்கு எரிய.

ஒன்றிலிருந்து பத்து வரை மூச்சை எண்ணவேண்டும்.
பத்தொன்பது வருடமாக
நூறுவரை எண்ணுகிறவள் நான்.
பத்தில் நிற்கத் தெரியவில்லை.
நாற்பதைத் தாண்டி, அறுபதைத் தாண்டி,
நூறாவது மூச்சில்
விரல் ரப்பர் பேண்ட் தேடியது.

மியூசியத்தில் அமராவதிக் கல்.
நடுவில் ஓர் ஆசனம், அதில் யாருமில்லை.
சுற்றிலும் கூட்டம் கைகூப்பி நிற்கிறது.
என் மூன்றாம் எண் கவுண்டர் ஞாபகம் வந்தது.
இன்று சனி, மும்தாஜ் உட்கார்ந்திருப்பாள்,
அங்கேயும் கூட்டம் இருக்கும்,
கைதான் கூப்பியிருக்காது.

ரசத்துக்கு வரும்போது மணி பன்னிரண்டு.
மோர் சாப்பாடா, தண்ணீரா?
கேட்க ஆளில்லை.
குடித்துவிட்டேன்.

விகாரையில் அமைதி இருக்கும் என்று
எந்தச் செலானில் எழுதினேனோ.
புத்தகயாவுக்குப் போகும் இலங்கைக்காரர்கள்
ஒரு பஸ் நிறைய வந்து இறங்கியிருந்தார்கள்.
பெட்டிகள், வெள்ளைப் புடவைகள்,
இருமல், ஃபிளாஸ்க், ஊதுபத்தி.
மூலையில் கிடைத்த ஒன்றரை அடியில் உட்கார்ந்தேன்.
பக்கத்துப் பெண் என்னிடம் ஏதோ கேட்டாள்.
செய்தியில் மட்டும் கேட்டிருந்த மொழி,
பல வருடங்கள், என்ன செய்திகளில்.
முதுகு தானாக விறைத்தது.
அவள் கையிலிருந்த பிள்ளையைக் காட்டி,
விளக்கு வரிசையைக் காட்டி,
என் மடியைக் காட்டினாள்.

நான் சரி என்றேனா தெரியவில்லை.
பிள்ளை இறங்கிவிட்டது.
வாயைத் திறந்தபடி தூங்கியும்விட்டது,
எச்சில் என் சேலையில் வட்டமாகப் பரவ.

முழங்கையில் கொசு உட்கார்ந்தது.
கை ஓங்க முடியாது, பிள்ளை எழுந்துவிடும்.
முதலில் ஊசி, பிறகு சூடு, பிறகு அரிப்பு,
பிறகு அரிப்பு மட்டும்,
பிறகு அது யாருடைய முழங்கை என்றே
கொஞ்சம் சந்தேகம்.
கொசு நிறைந்து, கனத்து,
தள்ளாடிப் பறந்து போனதை
முழுக்கப் பார்த்தேன்.

அவள் திரும்பி வந்தபோது ஏழேகால்.
கால் மரத்துப்போய் எழ முடியவில்லை.
சிரித்தாள். கை கொடுத்துத் தூக்கினாள்.
பெயரைக் கேட்டிருக்கலாம்.

ஞாயிறு எழுதியிருந்ததில் எதையும் செய்யவில்லை,
மழை. இரண்டு காபி.

ரயிலில் செலானை எடுத்துப்
பழக்கத்தில் கீழே கோடிழுத்துக் கூட்டினேன்.
ஒத்துப்போகவில்லை.
ஒரு ரூபாய் இடித்தாலும்
ஒன்பது மணிவரை வீட்டுக்கு விடாத வேலை எனக்கு.
செங்கல்பட்டு ஏரி போயிற்று,
மேல்மருவத்தூர் போயிற்று.
ஒத்துப்போகாமலே
வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.